காப்பகப் பணியாளருக்கு மூச்சுப் பயிற்சி போதுமா?

குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான காப்பகங்களில் பணியாற்றுவோரின் மனச்சோர்வு குறித்துக் கருத்தரங்குகள் நடக்கின்றன. அங்கே தீர்வாக முன்வைக்கப்படுவன பெரும்பாலும் மூச்சுப் பயிற்சியும், யோகமும், தன்னைப் பேணுவது பற்றிய அரைநாள் வகுப்பும்தாம். இதை நான் ஏற்க மறுக்கிறேன்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் இச்சோர்வை நோயாக வகைப்படுத்தவில்லை. முறையாகக் கையாளப்படாத நெடுநாள் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. பணியிடத்தைக் கையாள வேண்டியவர் யார்? பணியாளரா?

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படியுங்கள். முதல் விசாரணை வழக்கமாக 3 நாள்களுக்குள் அமைய வேண்டும்; முதல் விசாரணையிலிருந்து 60 நாள்களுக்குள் மனுவை முடிக்க நடுவர் முயல வேண்டும். நடைமுறையில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. 2015இல் தொடங்கப்பட்ட 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களிலோ தங்க இடம் பொதுவாக 5 நாள்களுக்கே. ஆறாம் நாள் காலை, கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணிடம் 'இனி எங்கே போவாய்?' என்று கேட்க வேண்டியவர் நடுவர் அல்லர், துறைச் செயலரும் அல்லர். அங்குள்ள வழக்குப் பணியாளரே. அவர் சக்தி சதனுக்குத் தொலைபேசியில் பேசுகிறார், இடமில்லை. தாய்வீட்டாரிடம் பேசுகிறார், கையை விரிக்கிறார்கள். அப்பெண் கணவன் வீட்டுக்கே திரும்புகிறாள். சில மாதங்கள் கழித்து முறிந்த கையோடு அதே வாசலுக்கு வருகிறாள். அன்றிரவு அந்தப் பணியாளருக்கு உறக்கம் வராததை 'இரக்கச் சோர்வு' என்று நம் ஆய்வேடுகள் (என்னுடையதும் விலக்கன்று) எழுதிவைக்கின்றன. அவரிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை. கட்டில்தான் இல்லை.

ஊதியத்தின் கதை இன்னும் கசப்பானது. இப்பணியாளர்களுள் பெரும்பாலோர் ஒப்பந்தப் பணியாளர்கள். மாதக்கணக்கில் ஊதியம் நிலுவையாவது பல மாநிலங்களில் வாடிக்கை. உரிய பொருளாதார வளங்களை ஒரு பெண்ணுக்கு மறுப்பதைப் பொருளாதார வன்முறை என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது இல்லற உறவுக்கு மட்டுமே பொருந்தும்; அரசுக்கு அந்தக் கவலை இல்லை! ஜீவனாம்சம் கேட்டு மனு எழுதித் தருபவர், தம் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்குகிறார்.

அடுத்த கருத்தரங்கை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். யோக ஆசிரியரை அழைக்குமுன், உங்கள் மாவட்ட மையத்தில் இரவுப் பணிக்கு எத்தனை பேர், கடைசி ஊதியம் எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டறியுங்கள். அவ்விரண்டு விடைகளையும் அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள்.