வாணலியில் மீந்த எண்ணெய்



விழாவிற்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு முடிந்தபின், வாணலியில் கறுத்த எண்ணெய் மீந்து நிற்கிறது. அதை என்ன செய்வது? சிலர் அதிலேயே மறுநாள் அப்பளம் பொரிக்கின்றனர். சிலர் சாக்கடையில் ஊற்றுகின்றனர். சிலர் குறைந்த விலைக்குப் பலகாரக் கடைக்கு விற்றுவிடுகின்றனர். மூன்றும் தவறு, மூன்றாவது பெருந்தவறு. நம் பிள்ளைகளுக்கு ஆகாதென ஒதுக்கியதை ஏழையின் இலையில் இடுகிறோம் அன்றோ?

மீண்டும் மீண்டும் காயும் எண்ணெய், காற்றினாலும் பண்டத்தின் ஈரத்தினாலும் சிதைகிறது. துருவச் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால், அவ்வெண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. கழித்த எண்ணெயைத் திரட்டி உயிரி டீசலாக்கும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கிற்று.

டீசல் எரிந்து தீர்ந்துவிடும். அதனினும் நெடிது பயன்படுவது இயந்திரங்களுக்கு இடும் மசகெண்ணெய். இது நமக்குப் புதிதன்று. வைக்கோற் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து வண்டியச்சுக்கு மையிட்டவர் நம் முன்னோர். எனினும் சமையல் எண்ணெயை அப்படியே இயந்திரத்தில் இடலாகாது. அதன் கொழுப்பமிலங்களைப் பிணைத்து நிற்கும் கிளிசரின், கடும் வெப்பத்தைத் தாங்காது. ஆகவே கிளிசரினை விலக்கி, அவ்வமிலங்களை ட்ரைமெத்திலால்புரோப்பேன் போன்ற வெப்பந்தாங்கும் பொருளோடு இணைக்க வேண்டும்.

இவ்வேலையைச் செய்ய வல்லது லிப்பேஸ் என்னும் நொதி. நாம் உண்ட கொழுப்பைச் செரிப்பிக்கக் கணையம் சுரப்பதும் இவ்வினத்ததே. தொழிலுக்குரியதை நுண்ணுயிர்களிடமிருந்து பெறுகின்றனர். காரத்தைக் கொண்டு இணைக்க முயன்றால், பழைய எண்ணெயில் பிரிந்து கிடக்கும் அமிலம் சோப்பாகிவிடும். நொதிக்கோ அந்த அமிலமும் மூலப்பொருளே. 40 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பமே பெரும்பாலும் போதும். நொதியைச் சிறு மணிகளில் பதித்து வைத்தால், வடித்தெடுத்துப் பலமுறை பயன்படுத்தலாம். நொதியின் விலையே பெருந்தடை. அதனால் இம்முறை இன்னும் பரவலாகவில்லை.

மரமறுக்கும் சங்கிலி வாளிலும் படகின் இயந்திரத்திலும் மசகு சிந்துவது இயல்பு. தாவர எண்ணெயில் பிறந்த மசகு, மண்ணிலும் நீரிலும் எளிதில் மக்கிவிடும்.

இவை அனைத்திற்கும் தொடக்கம் நம் அடுப்படியே. ஆறிய எண்ணெயை வடிகட்டி, நீர் படாமல் மூடிய கலத்தில் சேர்த்து வையுங்கள். எரிபொருளுக்கெனத் திரட்டும் பதிவுபெற்றவர்களிடமே அதைக் கொடுங்கள். நாம் உண்ண அஞ்சுவது இயந்திரத்திற்குப் போகட்டும். பிறர் வாய்க்குப் போக வேண்டாம்.