பெல்ட் வாங்குவதா, பழகுநராகப் போவதா?

இறுதியாண்டு வந்துவிட்டால் வகுப்பில் இரண்டே பேச்சுதான். ஒன்று பிளேஸ்மென்ட். இன்னொன்று "என்ன கோர்ஸ் பண்ணலாம்?". இந்த வருடம் மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் பசங்க நடுவில் அதிகம் அடிபடும் பெயர் சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட். சனி, ஞாயிறு வகுப்பு, கடைசியில் ஒரு தேர்வு, கையில் சான்றிதழ். அதை ரெஸ்யூமில் போட்டால் பிராசஸ் இம்ப்ரூவ்மென்ட் வேலை நிச்சயம் என்கிறார்கள். "நீ சேரலையா?" என்று என்னிடமும் நாலைந்து பேர் கேட்டாகிவிட்டது. ஆளுக்கு ஒரு பதில் சொல்வதை விட மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான். இந்த வேலையை வகுப்பறையில் உட்கார்ந்து கற்க முடியாது. வேலை நடக்கும் இடத்தில், அதில் பழுத்த ஒருவருக்குக் கீழே ஒரு வருடமாவது அப்ரண்டிஸாக இருந்துதான் கற்க முடியும். அப்ரண்டிஸுக்குத் தமிழில் "தொழில் பழகுநர்" என்று அரசு ஆவணங்களில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. பழகுதல் என்ற சொல்லிலேயே பாதி விஷயம் அடங்கிவிட்டது.

முதலில் இது என்ன வேலை? ஒரு காரியம் இப்போது எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, எங்கே நேரமும் பொருளும் உழைப்பும் வீணாகிறது என்று கண்டுபிடிப்பது, மாற்றிப் பார்ப்பது, மாற்றியது நிலைக்கிறதா என்று அளப்பது. அவ்வளவுதான். தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, வங்கி, கூரியர் கம்பெனி எல்லா இடத்திலும் இது உண்டு.

எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தோசை என்றால் வரிசை வராண்டா வரை நீளும். எல்லாரும் திட்டுவது தோசை மாஸ்டரை. நானும் என் ரூம்மேட்டும் மூன்று நாள் கடிகாரத்தோடு நின்று பார்த்தோம். தோசைக்கல் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சுட்ட தோசை தட்டு இல்லாமல் காத்திருந்தது! கழுவும் இடத்திலிருந்து தட்டு வந்து சேரும் வரை வரிசை அப்படியே நிற்கும். தட்டு கழுவும் அண்ணனிடம் கேட்டபோது அவர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "தட்டு பத்தலைன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன் தம்பி. யாரு கேக்குறா?" கணக்கை எழுதி வார்டனிடம் கொடுத்தோம். 60 தட்டு கூடுதலாக வந்தது, வரிசை வராண்டாவைத் தாண்டுவதில்லை.

இதில் எங்கள் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. பதில் ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தது. அவரிடம் போய்க் கேட்டதும், அவர் சொன்னதை மற்றவர்கள் மறுக்க முடியாதபடி எண்ணாக்கியதும்தான் எங்கள் பங்கு. எந்த ஸ்லைடிலும் அந்த அண்ணன் வரமாட்டார்.

சரி, பெல்ட் கதைக்கு வருவோம். சிக்ஸ் சிக்மா 1986-ல் மோட்டரோலா கம்பெனியில் பிறந்தது. பில் ஸ்மித் என்ற பொறியாளர்தான் அதன் தந்தை என்பார்கள். பத்து லட்சம் வாய்ப்பில் 3.4 பிழைக்கு மேல் வரக்கூடாது என்பது இலக்கு. 1995-ல் ஜாக் வெல்ச் தலைமையில் ஜி.இ. அதைக் கையில் எடுத்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அந்த இரண்டு இடத்திலும் பெல்ட் வாங்கியவர்கள் ஏற்கெனவே அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். தங்கள் துறையில் ஒரு நிஜமான பிரச்சினையை எடுத்துக்கொண்டு தீர்த்துக் காட்டினார்கள்.

இன்று உலகம் முழுக்க ஒரே ஓர் அமைப்பு இந்த பெல்ட்டைத் தருவதில்லை. யார் வேண்டுமானாலும் பாடம் எடுக்கலாம், யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடிக்கலாம். ஆனால் மதிப்புள்ள அமைப்புகள் என்ன கேட்கின்றன என்று பாருங்கள். அமெரிக்கன் சொசைட்டி ஃபார் குவாலிட்டி நடத்தும் கிரீன் பெல்ட் தேர்வை எழுதவே மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும். பிளாக் பெல்ட் என்றால் முடித்த புராஜெக்ட்டுக்கு அத்தாட்சியும் வேண்டும். வேலையே பார்க்காத நமக்கு இரண்டு நாளில் அதே பெயரில் ஒன்று கிடைக்கிறது என்றால் நமக்கு எதை விற்கிறார்கள் என்று யோசிக்க வேண்டாமா? கராத்தே கிளாஸில்கூட சண்டை போடாதவனுக்கு பெல்ட் கட்டமாட்டார்கள் :-)

வேலை இடத்திலேயே கற்பது புது யோசனையும் இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் "டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி" என்று ஒரு திட்டம் 1940 முதல் 1945 வரை ஓடியது. அனுபவசாலிகள் போருக்குப் போய்விட்டார்கள், தொழிற்சாலைக்குள் புது ஆட்கள். அப்போது 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அவரவர் வேலை பார்க்கும் இடத்திலேயே பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு பாடம் ஜாப் மெத்தட்ஸ். அதில் நான்கே படி: வேலையைத் துண்டு துண்டாகப் பிரி, ஒவ்வொரு துண்டையும் "இது எதற்கு?" என்று கேள், புது முறையை உருவாக்கு, அதை நடைமுறைப்படுத்து. புது மெஷின் வாங்கித்தா என்ற பேச்சே கிடையாது. இருக்கும் ஆள், இருக்கும் மெஷின், இருக்கும் பொருளை வைத்துத்தான் மேம்படுத்த வேண்டும். போருக்குப் பிறகு இந்தப் பாடங்கள் ஜப்பானுக்குப் போயின. 1950களில் டொயோட்டாவும் எடுத்துக்கொண்டது. இன்று "கைசன்" என்று நாம் மனப்பாடம் செய்வதற்கு இதுவும் ஒரு வேர்.

நமக்குப் பக்கத்திலேயும் உதாரணம் இருக்கிறது. ஜப்பானின் டெமிங் விருதை இந்தியாவில் முதலில் வாங்கியது 1998-ல் நம்ம சுந்தரம் கிளேட்டன். 2002-ல் டி.வி.எஸ். மோட்டார். அடுத்தடுத்து ரானே குழுமத்தின் சில கம்பெனிகளும் வாங்கின. அந்த விருதுக்கு வருபவர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே நடந்து, வேலை செய்பவர்களிடமே கேள்வி கேட்பார்கள். அந்த இடங்களில் இருபது, முப்பது வருடம் இருந்து கற்றவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கீழே ஒரு வருடம் நிற்பதை விட எந்த கிரீன் பெல்ட் வகுப்பு பெரிது?

இன்னொரு காரணம் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஸ்டாப்வாட்ச்சோடு வருபவனைப் பார்த்தால் தொழிலாளிக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானது. 1911-ல் ஃபிரெடரிக் டெய்லரின் முறைப்படி அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் ஒரு மோல்டரின் வேலையை நேரம் பார்க்கப் போனார்கள். வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அந்தப் பிரச்சினை பாராளுமன்ற விசாரணை வரை போனது. 1915-ல் ராணுவ நிதி ஒதுக்கீட்டில் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் பார்ப்பதற்கே தடை போட்டார்கள். நேரம் பார்த்தது கணக்குக்காக மட்டும் இல்லை, "இன்னும் வேகமாகச் செய்" என்று சொல்வதற்காக என்று தொழிலாளர்களுக்குப் புரிந்திருந்தது.

இன்றும் "இம்ப்ரூவ்மென்ட்" என்ற சொல்லைக் கேட்டால் "யாரை வீட்டுக்கு அனுப்பப் போறாங்க?" என்றுதான் ஷாப் ஃப்ளோரில் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு 21 வயதில் சான்றிதழோடு வந்து இறங்கும் நம்மிடம் பதில் இருக்காது. அதே இடத்தில் ஆறு மாதம் அவர்களோடு ஷிஃப்ட் பார்த்து, அதே கேன்டீனில் சாப்பிட்டு, அதே மெஷினில் கையை அழுக்காக்கியவனிடம் அவர்கள் உண்மையைச் சொல்வார்கள். உண்மை கிடைக்காவிட்டால் எத்தனை கிராஃப் போட்டும் பயனில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இங்கிலாந்தில் இதை ஒரு முறையான பாதையாகவே ஆக்கினார்கள். 2017 ஏப்ரல் முதல் அங்கே வருடச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் பயிற்சிக்காக 0.5 சதவீத லெவி கட்டவேண்டும். அந்த அப்ரண்டிஸ் பட்டியலில் பிராசஸ் இம்ப்ரூவ்மென்ட்டுக்கே நான்கு படிகள் வகுத்தார்கள்: டெக்னீஷியன், பிராக்டீஷனர், ஸ்பெஷலிஸ்ட், லீடர். சம்பளத்தோடு வேலை, வேலை நேரத்திலேயே படிப்பு. கடைசியில் தேர்வோடு சேர்த்து, தான் செய்த புராஜெக்ட்டை ஒரு வெளியாள் முன்னால் வைத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கேயும் குறைகள் உண்டு. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கே லெவி பணத்தைச் செலவழித்துவிட்டு, புதுப் பிள்ளைகளை மறந்துவிடுகிறார்கள் என்ற விமர்சனம் பலமாகவே இருக்கிறது. ஆனாலும் "இந்தத் தொழிலைச் செய்துதான் கற்க வேண்டும்" என்று எழுதி வைத்தார்களே, அது பெரிய விஷயம்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-லேயே அப்ரண்டிஸ் சட்டம் வந்துவிட்டது. 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் உள்ளே வந்தார்கள். 2019 விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். நமக்கான தென்மண்டலப் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. நம் வகுப்பில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகள்.

"அப்ரண்டிஸ் என்றால் ஐ.டி.ஐ. பசங்களுக்குத்தானே?" என் வீட்டிலும் இதே கேள்விதான். "இன்ஜினியரிங் படிக்க வச்சது இதுக்கா?" என்கிறார் அப்பா. எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஹவுஸ் சர்ஜனாக இருப்பதும், சி.ஏ. படிப்பவர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் போவதும் பழகுநர் வேலைதான். அங்கே கௌரவம், இங்கே மட்டும் குறைச்சலா?

"உதவித்தொகை பத்துமா?" பத்தாது. இதில் நான் மழுப்பப் போவதில்லை. 2019 விதிகள் பட்டதாரிக்கு வைத்த குறைந்தபட்சம் மாதம் 9000 ரூபாய். ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ அறை வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு என்ன அனுப்புவது? கல்விக் கடன் தவணை காத்திருக்கும் நண்பனிடம் "பழகப் போ" என்று என்னால் சுலபமாகச் சொல்ல முடியாது. அதனால் இது தனியாள் முடிவாக மட்டும் இருக்கக்கூடாது. தொகையை உயர்த்த வேண்டும், தங்கும் இடத்துக்கு நிறுவனம் உதவ வேண்டும் என்று நாமே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் தொழிலைப் பழக முடியும்.

"வருடம் முழுக்க எடுபிடி வேலை வாங்கினால்?" வாங்குகிறார்கள், மறுக்கவில்லை. அப்ரண்டிஸ் என்ற பெயரில் மலிவு ஆள் பிடிக்கும் இடங்கள் இருக்கின்றன. சேருவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள்:

1. எனக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர் யார்? அவர் பெயரைச் சொல்ல முடியுமா?
2. எனக்கென்று ஒரு புராஜெக்ட் உண்டா?
3. அதன் பலனை அளக்கும் வரை நான் அங்கே இருப்பேனா?
4. போன வருட அப்ரண்டிஸ்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

நான்கில் இரண்டுக்காவது தெளிவான பதில் வராத இடத்துக்குப் போகாதீர்கள்.

"எச்.ஆர். சான்றிதழைத்தானே பார்க்கிறார்கள்?" உண்மை. அதற்காக வாங்குவதென்றால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பழகிவிட்டு வாங்குங்கள். கன்ட்ரோல் சார்ட் என்றால் என்ன என்று படித்துத் தெரிந்துகொள்ளலாம். அதில் ஒரு புள்ளி கோட்டைத் தாண்டும்போது யாரிடம் போய், எந்தக் குரலில் கேட்க வேண்டும் என்பது படித்து வராது.

கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டைக் கடையில் வாங்கி பைண்டிங் போடும் வழக்கத்தை விட்டுவிட்டு, பக்கத்து சிறுதொழில் கூடங்களில் ஒரு நிஜப் பிரச்சினையைக் கொடுத்து அனுப்பலாமே. எத்தனையோ பட்டறைகளில் கேஜ் தேடியே தினம் அரைமணி நேரம் போகிறது. அதைப் பத்து நிமிடமாக்கிக் காட்டியவனுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

நான் பெல்ட் வகுப்பில் சேரவில்லை. தேர்வு முடிந்ததும் அப்ரண்டிஸ் இடங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், அப்பாவிடம் இன்னும் இரண்டு மூன்று சுற்று பேச்சுவார்த்தை பாக்கி இருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். பெல்ட் வாங்கி உண்மையிலேயே பலன் கண்டவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.