துளை போட்ட டிஸ்க் காப்பாற்றாது

காரை வேகமாக ஓட்ட ஆசைப்படுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரோடிக் கிடக்கிறது. பந்தயத் தடத்தில் பிரேக் பிடிக்காமல் போவது பிரேக் சிறியதாக இருப்பதால்தான். துளை போட்ட பெரிய டிஸ்க்கும் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும், சிவப்புச் சாயம் பூசிய ஆறு பிஸ்டன் காலிப்பரும் மாட்டிவிட்டால் கவலையில்லை என்பது அந்த நம்பிக்கை. சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் லெங் கீ சாலை ஷோரூம்கள் தொடங்கி அலெக்சாண்டிரா வில்லேஜ் ஒர்க்‌ஷாப்புகள் வரை கார்தான் பிழைப்பு, கார்தான் பேச்சு. விடியுமுன் கிளம்பி, எல்லை தாண்டி, சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலேசியாவின் சிப்பாங் தடத்தில் பகல் முழுக்க ஓட்டிவிட்டு, அதே காரில் இரவே சிங்கப்பூர் திரும்புகிறவர்கள் உண்டு. இந்த நம்பிக்கை அவர்கள் பணத்தைத் தின்கிறது. உயிருக்கும் உலை வைக்கிறது.

பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. 1,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறங்கும்போது சுமார் 18 லட்சம் ஜூல் ஆற்றலை விட்டாக வேண்டும். அறை வெப்பத்தில் இருக்கும் ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அந்த வெப்பத்தில் பெரும்பகுதி நாலே விநாடியில் டிஸ்க்குகளுக்குள் இறங்குகிறது. ஒரே மிதியில் முன் டிஸ்க்கின் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். சிப்பாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர். அதன் இரண்டு நீண்ட நேர்பாதைகளும் கடும் வளைவுகளில் முடிகின்றன. சூடு தணிவதற்குள் அடுத்த மிதி விழுகிறது. தமிழ்நாட்டுக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கணக்குதான். அதனால்தான் மலைப்பாதை ஓட்டுநர்கள் ஏறிய கியரிலேயே இறங்கு என்கிறார்கள். காரை நிறுத்தும் விசையில் ஒரு குறையும் இல்லை. ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்கு மிதிக்க முடிகிறதென்றால், டயர் தாங்கக்கூடிய முழு விசையையும் கம்பெனி பிரேக்கே கொடுத்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் எத்தனை பிஸ்டன் சேர்த்தாலும் நிற்கும் தூரம் குறையாது. குறையெல்லாம் வெப்பத்தைத் தாங்குவதில்தான்.

வெப்பம் எங்கே தோற்கடித்தது என்பதைக் கால் சொல்லிவிடும். பெடல் கல்லுப்போல் இறுகியிருந்தும் கார் நிற்கவில்லையென்றால் தோற்றது பிரேக் பேட். சாலைக்காகச் செய்த பேட் தன் எல்லையைத் தாண்டியதும் பிடியை இழந்து, மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்துவிடும். பெடல் பஞ்சுபோல் தரைவரை அமுங்கினால் கொதித்தது பிரேக் ஆயில். அதற்குப் பெயரில்தான் ஆயில். உண்மையில் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கிளைக்கால் வகைத் திரவம். டாட் 4 தரத்தின்படி புதிய திரவம் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது. சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த பிறகோ அதே தரம் 155 டிகிரியைத்தான் கேட்கிறது. சீசாவில் இளமஞ்சளாக இருந்தது தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும். டப்பாவில் அளவுக்கோடு வரை நிறைந்திருப்பதைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று மூடியை மூடிவிடுகிறார்கள். வருடம் முழுக்கப் புழுங்கும் சிங்கப்பூர்க் காற்றில் இந்த அலட்சியம் எனக்கு விளங்கவே இல்லை. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். காலின் விசை முழுவதும் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. எட்டுப் பிஸ்டன் காலிப்பராக இருந்தாலும் அதை வந்து சேர்வது ஒன்றுமில்லை.

துளை விஷயத்தில் மரினா பேயில் பார்த்த ஃபார்முலா 1 கார்களைச் சாட்சிக்கு இழுப்பார்கள். அந்தக் கார்களின் டிஸ்க்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட துளைகள் உண்டு, மெய்தான். ஆனால் அவை பேட் உரசும் முகத்தில் இல்லை. டிஸ்க்கின் தடிமனுக்குள், உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை காற்று ஓடும் சுரங்கங்கள் அவை. டிஸ்க்கும் கார்பன், இரும்பு அல்ல. கடையில் வாங்கும் இரும்பு டிஸ்க்கின் முகத்தில் போட்ட துளை, வெப்பத்தை ஏந்த வேண்டிய இரும்பையே குறைக்கிறது; சூடேறி ஆறும்போது விரிசல் முதலில் விடுவதும் துளையின் ஓரத்தில்தான். இத்தனைக்கும் அந்த ஃபார்முலா 1 பிரேக்குகளே மரினா பேயில் தோற்றிருக்கின்றன. 2009 பந்தயத்தில் மார்க் வெப்பரின் ரெட் புல் கார் பிரேக் செயலிழந்து முதல் வளைவில் தடுப்பில் போய் மோதியது. அடுத்தடுத்த வளைவுகள், காற்று வாங்க நேர்பாதை குறைவு. பணத்தால் வாங்கக்கூடிய சிறந்த பிரேக்கையும் வெப்பம் வென்றது.

போர்ஷே கம்பெனியே சாலைக் கார்களுக்குத் துளை டிஸ்க் போட்டுத் தருகிறதே என்று கேட்கலாம். மழையில் நனைந்த டிஸ்க் சட்டென்று பிடிக்கத் துளை உதவும். சாலைக்கு அது நியாயம். தடத்தில் ஓடும் அதே கம்பெனியின் கப் பந்தயக் கார்களில் துளைக்குப் பதில் கீறல் போட்ட டிஸ்க்குகள். பெரிய டிஸ்க்கில் இரும்பு கூடுதல், ஆகவே மெதுவாகத்தான் சூடேறும் என்பது இதைவிட வலுவான வாதம். அதை மறுக்க மாட்டேன். வெப்பம் தாங்கும் பேட்டும் புதிய திரவமும் போட்டு, பிரேக்குக்குக் காற்று போக வழி செய்த பிறகும் சூடு தணியவில்லையென்றால், பெரிய டிஸ்க் வாங்குவது சரியான செலவு. மூன்றாண்டுப் பழைய திரவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கினால், கொதிக்கும் நேரம் சில சுற்றுகள் தள்ளிப்போகும், அவ்வளவே. அதற்குள் ஓட்டுகிறவரின் துணிச்சல் வளர்ந்திருக்கும். இன்னும் அதிக வேகத்தில் வளைவுக்கு வருவார்.

பிட்டுக்கு வந்து நின்றதும் பிரேக் ஓய்வெடுக்கிறது என்று எண்ணுவதும் இதே நம்பிக்கையின் கிளை. ஓடும்போது வீசிய காற்று நின்றவுடன் நின்றுவிடுகிறது. டிஸ்க்கில் சேர்ந்த சூடு பேட் வழியாகக் காலிப்பருக்குள் ஊறித் திரவத்தைத் தேடிப் போகிறது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வந்து, ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துகிறார்கள். குமிழி ஆறித் திரும்பத் திரவமாகிவிட்டால் பெடலும் பழையபடி இறுகும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி, நீர் சேர்ந்த அதே திரவத்தோடு, குடும்பம் காத்திருக்கும் வீட்டை நோக்கி நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டர் கிளம்புகிறார்கள்.