முதல்ல பாருங்க, அப்புறம் போட்டோ எடுங்க

சித்தன்னவாசலுக்கு எத்தனை பேர் போயிருக்கீங்க? புதுக்கோட்டையில இருந்து சுமார் 16 கிலோமீட்டர்தான், நம்மில் பல பேர் போயிருப்போம். சரி, அறிவர் கோவில் மண்டபத்தோட மேற்கூரையில என்ன வரைஞ்சிருக்கு? "தாமரைக் குளம்"னு எல்லாரும் சொல்லிடுவோம். அந்தக் குளத்துல யானை இருக்கு, எருமை இருக்கு, மீன், அன்னம், பூப்பறிக்கிற ஆட்கள் எல்லாம் இருக்காங்க. பூப்பறிக்கிறவர் தாமரையை எப்படிப் பிடிச்சிருக்கார்? இதுக்குப் பதில் சொல்ல நிறைய பேர் போன் கேலரியைத்தான் திறப்போம்.

இதை ஒரு ஆராய்ச்சியாவே செஞ்சு பார்த்திருக்காங்க. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் லிண்டா ஹென்கல், மாணவர்களை ஒரு மியூசியத்துக்கு அனுப்பினார். சில பொருட்களை வெறுமனே பார்க்கணும், சிலதைப் போட்டோ எடுக்கணும். மறுநாள் கேட்டப்போ, போட்டோ எடுத்த பொருட்கள்தான் அவங்களுக்குக் குறைவா ஞாபகம் இருந்தது. இதுல சுவாரசியமான விஷயம் ஒண்ணு உண்டு: பொருளோட ஒரு பகுதியை மட்டும் ஜூம் பண்ணி எடுத்தவங்களுக்கு ஞாபகம் குறையல. அப்போ பிரச்சினை கேமராகிட்ட இல்ல. "போன் பாத்துக்கும்"னு நாம பார்க்குறதையே நிறுத்திடுறோமே, அதுலதான்.

"அந்த ஓவியம் மங்கிட்டே போகுது, போட்டோ எடுத்து வைக்கிறது நல்லதுதானே?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. முறையா ஆவணப்படுத்துறது கண்டிப்பா வேணும். ஆனா நம்ம முகம் முக்கால்வாசி, ஓவியம் கால்வாசின்னு எடுக்குற செல்ஃபி எதையும் ஆவணப்படுத்தாது. ஆயிரம் வருஷத்துக்கு மேல பழமையான ஓவியம் அது, ஏற்கெனவே நிறைய அழிஞ்சு போச்சு. மிச்சம் இருக்கிறதைக் கண்ணால பார்க்குற கடைசி சில தலைமுறைகள்ல நாமளும் ஒண்ணா இருக்கலாம்.

அதே குன்றுல ஏழடிப்பட்டம் இருக்கு. இயற்கையான குகை. உள்ளே சமண முனிவர்களுக்காகச் செதுக்கின வழவழப்பான கற்படுக்கைகள், தலை வைக்கிற இடம் மட்டும் கொஞ்சம் உயரமா இருக்கும். ஒரு படுக்கையில தமிழ் பிராமி எழுத்து இருக்கு. மனசை ஒரே இடத்துல நிறுத்த அவங்க கல்லுல படுத்தாங்க. நம்ம கையில இருக்கிற பொருள் அதுக்கு நேர் எதிரான வேலைக்கு டிசைன் ஆனது. கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாத 'இன்ஃபினிட் ஸ்க்ரோல்' 2006-ல ஏஸா ராஸ்கின் உருவாக்கினது. அதுக்காக வருத்தப்படுறதா பின்னாடி அவரே வெளிப்படையா சொன்னார். நாளைக்கு இந்த மாதிரி டிசைன்களை எழுதப்போறது நாமதான்ங்கிறதையும் மறக்க வேண்டாம்.

முனிவர் மாதிரி போனைத் துறக்கச் சொல்லல. அது நடக்காதுன்னு எனக்கும் தெரியும். ஒரு வரிசை மட்டும் போதும். முதல் அஞ்சு நிமிஷம் போன் பையில இருக்கட்டும். மேற்கூரையோட ஒரு மூலையில ஆரம்பிச்சு மெதுவா பாருங்க. வெளியே வந்து பார்த்ததுல அஞ்சு விஷயத்தை எழுதுங்க. அப்புறம் திரும்பப் போய்ச் சரிபாருங்க. விட்டுப்போனது எது, அதை மட்டும் போட்டோ எடுங்க. கருவறைக்குள்ள போனா எல்லாரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்துங்க. ஒருத்தர் மட்டும் மெல்ல 'ம்'னு முனகட்டும். அந்தச் சின்ன அறை எப்படி அதிருதுன்னு ரீல்ஸ்ல கேட்டா புரியாது.

இது சுற்றுலாவுக்கு மட்டும் சொல்றது இல்ல. போர்டை போட்டோ எடுத்துட்டு வகுப்பை முடிச்சுக்கிறோம், சிஆர்ஓ திரையை போட்டோ எடுத்துட்டு லேபை முடிச்சுக்கிறோம். வைவாவுல "வேவ்ஃபார்ம் ஏன் அங்க வெட்டுப்பட்டிருந்தது?"ன்னு கேட்டா, போட்டோ வந்து பதில் சொல்லாது. பார்த்தவங்கதான் சொல்லணும்.