மேடையில் கைதட்டல், இருக்கையில் முறைப்பு: ஆட்டிசம் உள்ள சிறுவனின் நாடகத்தை எல்லோருக்குமாக நடத்துவது எப்படி?

2015 செப்டம்பர். நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் 'தி கிங் அண்ட் ஐ' இசை நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. மேடையில் சவுக்கடிக் காட்சி. அந்த நேரம் பார்த்து, பார்வையாளர் பகுதியிலிருந்து ஒரு சிறுவனின் அலறல் கேட்கிறது. அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. அவனை வெளியே அழைத்துப்போக அம்மா போராடுகிறார். சுற்றியிருந்த சிலர் முகம் சுளிக்கிறார்கள். 'இப்படிப்பட்ட பிள்ளையை ஏன் இங்க கூட்டிட்டு வரணும்?' என்கிற மாதிரி முணுமுணுப்புகள் மேடை வரைக்கும் கேட்கின்றன.

அந்த நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த கெல்வின் மூன் லோ, அன்றைக்கே ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டார். நாடகத்துக்குத் தொந்தரவு வந்ததே என்ற கோபம் அதில் இல்லை. அந்த அம்மாவின் பக்கம் நின்று, பார்வையாளர்களைப் பார்த்துத்தான் அவர் கேள்வி கேட்டார். பதிவு உலகம் முழுக்க வைரல் ஆனது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அதே ஆண்டு, அதே ஊரில், சிறந்த நாடகத்துக்கான டோனி விருதை வாங்கியது எது தெரியுமா? சத்தத்தையும் கூட்டத்தையும் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டு படுக்கும் 15 வயதுச் சிறுவனின் கதை.

மேடையில் ஒருவர் அப்படி நடித்தால் கைதட்டல். இருக்கையில் ஒரு பிள்ளை நிஜமாகவே அப்படிச் செய்தால் முறைப்பு. அப்போ, இந்த நாடகம் யாருக்காக? அந்தக் கேள்விக்கு நாடக உலகம் கண்டுபிடித்த பதில்களைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

அது என்ன நாடகம்?

'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட் டைம்'. மார்க் ஹாடன் எழுதி 2003இல் வெளிவந்த ஆங்கில நாவல். சைமன் ஸ்டீபன்ஸ் அதை நாடகமாக்கினார், மரியான் எலியட் இயக்கினார். 2012இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறியது. 2013இல் 7 ஒலிவியே விருதுகள், நியூயார்க் பிராட்வேக்குப் போன பிறகு 2015இல் 5 டோனி விருதுகள்.

கதை இதுதான். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் அப்பாவோடு வாழும் கிறிஸ்டோபர், கணக்கில் புலி. யாராவது தொட்டால் தாங்க மாட்டான். மஞ்சள் நிறம் பிடிக்காது. பொய் சொல்லத் தெரியாது. பக்கத்து வீட்டு நாயை யாரோ கொன்றுவிட, துப்பறியக் கிளம்புகிறான். அந்தத் தேடல் அவனுடைய சொந்தக் குடும்பத்தின் ரகசியத்தில் கொண்டுபோய் விடுகிறது. கடைசியில் தன்னந்தனியாக ரயிலேறி லண்டன் போகிறான்.

இன்னொரு தகவல். நாவலுக்குள் 'ஆட்டிசம்' என்ற சொல்லே வராது. அவனுக்கு என்ன பெயர் வைப்பது என்பதை வாசகரிடமே விட்டுவிட்டார் ஹாடன்.

சிக்கல் எங்கே?

அந்த லண்டன் பயணம்தான் நாடகத்தின் உச்சம். ரயில் நிலைய அறிவிப்புகள், விளம்பர வாசகங்கள், கூட்டத்தின் கூச்சல் எல்லாம் ஒரே நேரத்தில் கிறிஸ்டோபர் மீது வந்து விழுகின்றன. அதை நாமும் உணர வேண்டும் என்பதற்காக, லண்டன் தயாரிப்பில் மேடையையே கிராஃப் தாள் மாதிரி கட்டங்கள் போட்ட ஒரு பெட்டியாக்கினார்கள். சுவரெல்லாம் ஒளியும் எழுத்தும் ஓடும். திடீர் வெளிச்சம், திடீர் இரைச்சல். பார்ப்பவருக்கு மூச்சு முட்டும்.

'அவன் தலைக்குள் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது' என்று பார்வையாளர்கள் சொல்வார்கள். நியாயமான பாராட்டுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தத் தலையோடு ஏற்கெனவே வாழ்கிற ஒரு பிள்ளை இந்தக் காட்சியை எப்படித் தாங்கும்? பெரும்பான்மையினருக்கு அந்த வேதனையைப் புரியவைக்கும் அதே உத்தி, அந்த வேதனையை நிஜத்தில் அனுபவிப்பவரை அரங்கைவிட்டு வெளியே தள்ளிவிடும்.

ஆட்டிசத்தைத் தமிழில் மதி இறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி, டூரெட் போன்ற தன்மைகள் உள்ளவர்களை, அதாவது மூளை இயங்கும் விதம் பெரும்பான்மையினரிடமிருந்து மாறுபட்டவர்களை, 'நியூரோடைவர்ஜென்ட்' என்ற பொதுச்சொல்லால் குறிப்பிடுகிறார்கள். இவர்களில் ஆட்டிசம் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே, உலக அளவில் சுமார் 127 பேரில் ஒருவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு மதிப்பீடு. 500 பேர் உட்காரும் அரங்கம் என்றால், சராசரியாக 4 பேராவது அங்கே இருக்க வேண்டும். இருக்கிறார்களா?

'ரிலாக்ஸ்டு' காட்சி என்றால் என்ன?

இதற்கு நாடக உலகம் கண்டுபிடித்த வழிதான் 'ரிலாக்ஸ்டு பெர்ஃபாமன்ஸ்', அதாவது இறுக்கம் தளர்த்திய காட்சி. பிராட்வேயில் முதல் முயற்சி 2011 அக்டோபரில், 'தி லயன் கிங்' நாடகத்துக்கு நடந்தது. டி.டி.எஃப் என்ற லாபநோக்கமற்ற அமைப்பு ஒரு காட்சியின் எல்லா டிக்கெட்டுகளையும் வாங்கி, ஆட்டிசம் உள்ளவர்களின் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தது. பிரிட்டனிலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இது பரவியது.

வழக்கமாக இந்தக் காட்சிகளில் செய்யப்படும் மாற்றங்கள்:

- அரங்க விளக்குகளை முழுக்க அணைக்க மாட்டார்கள். மங்கலான வெளிச்சம் இருக்கும்.
- வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்குகளை நீக்குவார்கள் அல்லது குறைப்பார்கள். திடீர்ச் சத்தங்களின் அளவும் குறையும்.
- கதவுகள் திறந்திருக்கும். எழுந்து போகலாம், திரும்பி வரலாம், ஆடலாம், பேசலாம். யாரும் 'உஷ்' சொல்ல மாட்டார்கள்.
- வெளியே ஓர் அமைதி அறை இருக்கும்.
- அரங்கத்தின் வாசல், டிக்கெட் கவுன்ட்டர், மேடை, கதாபாத்திரங்கள் எல்லாவற்றையும் படத்தோடு விளக்கும் கையேட்டை முன்கூட்டியே அனுப்புவார்கள்.
- ஊழியர்களுக்கும் நடிகர்களுக்கும் முன்பே பயிற்சி தருவார்கள்.

மாறாதது எது? கதை. வசனத்தை வெட்டுவதோ, சோகத்தைக் குறைப்பதோ, குழந்தைத்தனமாக்குவதோ இதில் கிடையாது.

சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதுமா?

போதாது. இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆட்டிசம் என்பது ஒரே அச்சில் வார்த்த தன்மை கிடையாது. ஒருவருக்குச் சின்னச் சத்தமும் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். இன்னொருவருக்குப் பெரிய சத்தமும் பளிச் வெளிச்சமும்தான் பிடிக்கும், அவரே அதைத் தேடிப் போவார். எல்லாவற்றையும் குறைத்துவிட்டால் இந்த இரண்டாமவருக்கு நாடகம் சப்பென்று ஆகிவிடும்.

பலருக்கும் பெரிய பிரச்னை, சத்தத்தைவிட அது எப்போது வரும் என்று தெரியாததுதான். அதனால்தான் முன்கூட்டியே தகவல் கொடுப்பது இவ்வளவு முக்கியமாகிறது. 'இடைவேளைக்குப் பிறகு ரயில் நிலையக் காட்சி வரும், அப்போது சத்தம் கூடும்' என்று முன்பே தெரிந்தால், ஒருவர் காதை மூடும் ஹெட்போனை மாட்டிக்கொள்ளலாம், இன்னொருவர் வெளியே போய் வரலாம், மூன்றாமவர் ஆர்வத்தோடு காத்திருக்கலாம். சில அரங்குகளில் சத்தமான கட்டம் வருவதற்குச் சற்று முன்னால், ஊழியர்கள் ஒளிரும் குச்சியைத் தூக்கிக் காட்டி எச்சரிப்பதும் உண்டு.

'எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டா சஸ்பென்ஸ் போயிடாதா?' என்ற கேள்வி வரும். கிறிஸ்டோபரின் கதையில் திருப்பங்கள் உண்டுதான். அதனால் குழு ஒரு முடிவு எடுக்க வேண்டும். சத்தம், ஒளி, கோபமாகக் கத்தும் இடங்கள் எங்கே வருகின்றன என்பதை எல்லோருக்கும் சொல்லலாம். கதையின் ரகசியத்தைத் தனித் தாளில் வைத்து, கேட்பவருக்கு மட்டும் கொடுக்கலாம். தேர்வு பார்ப்பவரின் கையில் இருக்கட்டும்.

மாதம் ஒரு காட்சி சரியா, எல்லாக் காட்சியுமா?

இதில் மாற்றுத்திறனாளிக் கலைஞர்களே வைக்கும் விமர்சனம் ஒன்று உண்டு. நூறு காட்சிகளில் ஒன்றை மட்டும் 'உங்களுக்கு' என்று ஒதுக்கினால், மீதி 99 காட்சிகள் 'உங்களுக்கு இல்லை' என்றுதானே அர்த்தம்?

பிரிட்டன் கலைஞர் ஜெஸ் தாமின் அனுபவம் இதற்குச் சரியான உதாரணம். அவருக்கு டூரெட் சிண்ட்ரோம் உண்டு. தன்னிச்சையாகச் சொற்கள் வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கும். 2011இல் ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கப் போனபோது, மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று சொல்லி, இடைவேளையில் அவரை ஒலிக்கட்டுப்பாட்டு அறைக்குள் போய் உட்காரச் சொன்னார்கள். அழுதுகொண்டே அங்கே உட்கார்ந்திருந்த அவர், பிறகு எடுத்த முடிவு வேறு மாதிரி. தன்னை யாராலும் எழுப்ப முடியாத ஒரே இருக்கை மேடையில்தான் இருக்கிறது என்று, 2014இல் 'பேக்ஸ்டேஜ் இன் பிஸ்கட் லேண்ட்' என்ற நிகழ்ச்சியைத் தானே மேடையேற்றினார்.

லண்டனின் பாட்டர்சீ ஆர்ட்ஸ் சென்டர் அவரோடு சேர்ந்து வேலை செய்து, 2020இல் தன்னை முழுமையான 'ரிலாக்ஸ்டு' அரங்கமாக அறிவித்தது. அங்கே தளர்வுதான் பொது விதி.

தனிக்காட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. முதல்முறை வருகிற குடும்பத்துக்கு, தன்னைப் போன்றவர்கள் சூழ உட்காரும் நிம்மதி வேறு எங்கும் கிடைக்காது. ஆக, தனிக்காட்சியைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அதில் கற்றதை மற்ற காட்சிகளுக்கும் கொண்டுபோவதே சரியான பாதையாகத் தெரிகிறது.

கிறிஸ்டோபராக யார் நடிப்பது?

இருக்கையில் இடம் கொடுத்தாயிற்று. மேடையில்? லண்டனில் லூக் ட்ரெடவேயும் பிராட்வேயில் அலெக்ஸ் ஷார்ப்பும் இந்த வேடத்தில் பெரிய விருதுகள் வாங்கினார்கள். 2017இல்தான், அமெரிக்காவின் இண்டியானா ரெபர்ட்டரி தியேட்டர் தயாரிப்பில் மிக்கி ரோ நடித்தார். தனக்கு ஆட்டிசம் இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன ஒரு நடிகர் கிறிஸ்டோபரானது அமெரிக்காவில் அதுவே முதல்முறை என்று பேசப்பட்டது.

இது எவ்வளவு உணர்வுபூர்வமான விஷயம் என்பதற்கு 2019 ஒரு சாட்சி. லண்டனில் 'ஆல் இன் எ ரோ' என்ற நாடகம், ஆட்டிசம் உள்ள சிறுவனின் பாத்திரத்துக்குப் பொம்மையைப் பயன்படுத்தியது. பெற்றோர் பாத்திரங்களுக்கு மனிதர்கள், பிள்ளைக்கு மட்டும் பொம்மையா என்று ஆட்டிசம் உள்ளவர்களே கொதித்தார்கள்.

நான்கு ஆண்டுகளில் காட்சி மாறியது. 2023 டிசம்பரில் பிராட்வேயில் தொடங்கிய 'ஹவ் டு டான்ஸ் இன் ஒஹையோ' இசை நாடகத்தில், ஆட்டிசம் உள்ள 7 இளைஞர் பாத்திரங்களை ஆட்டிசம் உள்ள 7 நடிகர்களே ஏற்றார்கள். 2024 பிப்ரவரியிலேயே அது முடிந்துபோனது வருத்தம்தான். ஆனாலும் 'அப்படிப்பட்ட நடிகர்கள் கிடைக்க மாட்டாங்க' என்ற சாக்கு அதோடு செத்துப்போனது.

நமக்கு இது புதுசா?

இருட்டில், அசையாமல், மௌனமாக நாடகம் பார்ப்பது ஏதோ ஆதிகால விதி இல்லை. ஐரோப்பாவிலேயே அரங்கை இருட்டாக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. 1876இல் ஜெர்மனியின் பேராய்ட் நகரில் வாக்னர் தன் ஓபராவுக்குச் செய்த ஏற்பாட்டை இதற்கு முக்கியமான உதாரணமாகச் சொல்வார்கள். நம் தெருக்கூத்தில் விடிய விடிய ஆட்டம் நடக்கும். பிள்ளைகள் பாதியில் தூங்கும், பெரியவர்கள் எழுந்து டீ குடித்துவிட்டு வருவார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் ஒலிபெருக்கியின் அளவைப் பற்றி நாமும் யோசிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்வது அரங்குகளின் கடமை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. கலை, பொழுதுபோக்கில் சமமாகப் பங்கேற்கும் உரிமையை அதன் 29ஆவது பிரிவு பேசுகிறது. ஆனால் திரையரங்குகளுக்காக 2024இல் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டுதல்கள், செவி மற்றும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களை மனதில் வைத்தவை. சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைகளைப் பற்றிய பேச்சு இன்னும் தொடங்க வேண்டும்.

செலவு இல்லாமல் தொடங்க முடியுமா?

முடியும். பள்ளி ஆண்டுவிழா நடத்துபவர்களோ சின்ன நாடகக் குழுவோ நாளைக்கே செய்யக்கூடியவை இவை. அரங்கத்தைப் போனில் நாலு படம் எடுத்து, எந்த நிமிடத்தில் சத்தம் வரும் என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் முன்பே அனுப்பலாம். ஓர் அறையைக் காலியாக வைக்கலாம். ஒரு கதவைத் திறந்து வைக்கலாம். இந்த முடிவுகளை எடுக்கும்முன், ஆட்டிசம் உள்ள ஒருவரை ஒத்திகைக்கு அழைத்து, எது தாங்கவில்லை என்று கேட்கலாம்.

தொடங்கும்முன் மேடையில் நின்று ஒரே ஓர் அறிவிப்பும் செய்யலாம்: 'இங்கே யாராவது சத்தம் போட்டாலும், எழுந்து நடந்தாலும், அவங்களும் நாடகம் பார்க்க வந்தவங்கதான்.' 2015இல் நியூயார்க்கில் அந்த அம்மா தன் மகனோடு போராடியபோது, அரங்கில் இருந்தவர்களுக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.