பாடம் பொதுவாம், பில் மட்டும் ரகசியமாம்!

ஜனவரி 26 நமக்குக் குடியரசு நாள். உலகமெங்கும் சுங்க அதிகாரிகளுக்கும் அதுவே திருநாள். 1953-ம் ஆண்டு அதே தேதியில் ஐரோப்பாவின் 17 நாடுகள் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடின; சுங்க ஒத்துழைப்புக் குழு தன் முதல் கூட்டத்தை நடத்தியது. 1994 முதல் அது உலக சுங்க அமைப்பு என்ற பெயரில் நடக்கிறது. இந்தியா 1971-ல் அதில் சேர்ந்தது.

இதன் துணையாகச் சுங்கப் பல்கலைக்கழகங்களின் சர்வதேச வலையமைப்பு என்று ஒன்று உண்டு. லாப நோக்கம் இல்லாதது. பேராசிரியர்களும் அதிகாரிகளும் சுங்கத் தொழிலின் அறிவை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். 2007 முதல் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகை வருகிறது. அதைக் காசில்லாமல் எவரும் படிக்கலாம்.

நல்ல காரியம்தான். இல்லையென்று யார் சொன்னது? சரக்குகளுக்கெல்லாம் ஒரே எண் வைக்கும் முறை 1988-ல் அமலுக்கு வந்தது. இன்று எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் பருத்தி 52-ம் அத்தியாயம்தான். பஞ்சு 5201, நூல் 5205. ஏழை நாட்டின் சுங்கச் சாவடியில் நிற்கும் சிப்பந்தி இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி. பாடத்தைப் பகிர்ந்துகொள்கிறீர்களே, பில்லைப் பகிர்ந்துகொள்கிறீர்களா?

இந்தக் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். வெளிநாட்டுச் சுரங்கத்தில் ஒரு டன் நிலக்கரி 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் நேரே இந்தியாவுக்கு வருகிறது. காகிதம் மட்டும் சுற்றி வருகிறது. நடுவிலே ஒரு நாட்டில் அதே முதலாளியின் இன்னொரு கம்பெனி, பெயர்ப்பலகை மட்டும் உள்ள கம்பெனி, அதை வாங்கியதாக எழுதி 80 டாலருக்கு விற்றதாகப் பில் போடுகிறது. கரி ஒரு சாண் கூட வழி மாறவில்லை. 30 டாலர் மட்டும் கடல் கடந்து தங்கிவிட்டது! அந்த 80 டாலரை எரிபொருள் செலவென்று காட்டி மின்சார விலையில் ஏற்றுகிறார்கள். குடிசையில் எரியும் ஒற்றை விளக்குக்கும் அந்த 30 டாலரில் பங்கு உண்டு. மாதத்து மின் கட்டணமாக அதைக் கட்டுகிறவன் தொழிலாளி.

இது கற்பனைக் கதையா? 2016 மார்ச்சில் மத்திய வருவாய்ப் புலனாய்வு இயக்ககம், இந்தோனேசிய நிலக்கரிக்கு விலையை உயர்த்திப் பில் போடுவதாகச் சந்தேகம் என்று சுங்க அலுவலகங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. நாற்பது கம்பெனிகள் வரை விசாரணைப் பட்டியலில் இருந்தன. குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. அதை நிரூபிக்க என்ன பாடுபட்டார்கள் என்பதைத்தான் சொல்கிறோம். மூல பில் சிங்கப்பூர் போன்ற இடங்களில் இருக்கிறது. அதைக் கேட்டுக் கோரிக்கைக் கடிதங்கள் போயின. ஒரு பெருங்கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தக் கடிதங்களை ரத்து செய்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. எச்சரிக்கை அனுப்பி நாலு வருஷம் ஆகியும் ஒரு காகிதத்தைப் பார்க்கலாமா கூடாதா என்பதே வழக்கு!

"வியாபார ரகசியம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். கப்பல் வரும் முன்னே விலையை ஊருக்குச் சொல் என்று யார் கேட்டார்கள்? சரக்கு இறங்கி, விற்று, எரித்துச் சாம்பலான பிறகும் அது ரகசியமா? நம் சர்க்காரோ 2022-ல் சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. ஏற்றுமதி இறக்குமதிக்காரர் தாக்கல் செய்த விலை விவரத்தைச் சட்டம் அனுமதிக்காமல் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்! பூட்டைப் பாருங்கள், அது யார் வீட்டுக் கதவில் தொங்குகிறது என்பதையும் பாருங்கள்.

சுங்கம் எங்கோ துறைமுகத்துச் சங்கதி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 1896-ல் வெள்ளைக்காரச் சர்க்கார் லங்காஷயர் முதலாளிகளின் மனம் குளிர, வெளிநாட்டுத் துணிக்கு மூன்றரை சதவீத இறக்குமதி வரியும், இந்திய மில் துணிக்கு அதே மூன்றரை சதவீதக் கலால் வரியும் போட்டது. 1925-ல் பம்பாய் மில் முதலாளிகள், வரியைத் தாங்க முடியவில்லை என்று கூலியில் பதினொன்றரை சதவீதம் வெட்டினார்கள். தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வயிற்றைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நின்றார்கள். அந்த டிசம்பரில் கலால் வரி வசூல் நிறுத்தப்பட்டது. கூலி வெட்டும் வாபஸாயிற்று. சுங்கக் கணக்குக்கும் கூலிக் கணக்குக்கும் உள்ள உறவை அந்த மில் தொழிலாளிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத்தரவில்லை. பசி கற்றுத்தந்தது.

உலக சுங்க அமைப்புக்கு யோசனை சொல்லத் தனியார் கம்பெனிகளின் ஆலோசனைக் குழு இருக்கிறது. பஞ்சு ஆலைத் தொழிலாளிக்கும் பருத்தி எடுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஒரு குழு உண்டா? அறிவைப் பகிர்ந்துகொள்ளும் பெரியோர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நாம் கேட்பது பெரிதல்ல. புறப்படும் துறைமுகத்தில் காட்டிய பில்லும் இறங்கும் துறைமுகத்தில் காட்டிய பில்லும், யாரும் மனுப்போடாமலே, இரண்டு நாட்டுச் சுங்கத்தின் மேசையிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு வருஷம் கழிந்த பில்களை மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். 135ஏஏ பிரிவு ஒழியட்டும். சுங்கப் படிப்பு நடக்கும் இடத்தில் தொழிற்சங்கக்காரனுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கக்காரனுக்கும் ஒரு பெஞ்சு போடட்டும்.

வாசலில் கூலிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் மேஸ்திரி, நம்மிடம் ஒரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கிறான். முதலாளியின் கப்பலுக்கு நாம் கணக்குக் கேட்டால் மட்டும் சிறையா? கேட்போம், தோழர்களே! கேட்டுக்கொண்டே இருப்போம்!