தொட்டறிந்தவர் பேரம் பேசார்

சென்ற ஞாயிறன்று தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாக முட்டுக்காட்டிலுள்ள தக்ஷிணசித்ராவிற்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். 1996-இல் திறக்கப்பட்ட இக்காட்சியகத்தில் தென்னாட்டுப் பழைய இல்லங்கள் பெயர்த்துக் கொணரப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. செட்டிநாட்டு வணிகர் இல்லத்தோடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் இல்லமும் அங்குண்டு.

இங்கே கண்ணால் காண்பதோடு நில்லாமல், கையாலும் செய்து பார்க்கலாம். குயவர் சக்கரத்தில் நம் மகள் வனைந்த சட்டி இருமுறை சரிந்தது. திரும்பும்போது சாலையோரத்தில் மண்சட்டிக்கு விலை கேட்டோம். “அப்பா, குறைத்துக் கேட்காதீர்கள்” என்றாள். அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது.

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் நாம், விலை போகாது தேங்கிய சேலைகளைக் காண்கிறோம். பாவும் ஊடையும் அறியாதார்க்கு நெசவுக்கூலி மிகையாகவே தோன்றும். ஆகவே, ஒவ்வொரு சங்க விற்பனை நிலையத்திலும் ஒரு தறி இயங்க வேண்டுமென்பது நம் கருத்து. வாங்க வருவோரின் குழந்தைகள் ஒருமுறையேனும் நாடாவை ஓட்டிப் பார்க்கட்டும். விளைவிக்கும் அங்கத்தினர்களும் தங்கள் வயல்களை மாணவர்க்குத் திறந்துவிடலாம்.

அன்பர்களே! தறி காட்சியகத்தில் இருப்பது பெருமையே. அங்கு மட்டுமே எஞ்சுமாயின் அது நமது தவறாகும்.